பேனுக்கு ரத்தம் கொடுத்த விஞ்ஞானி

தலையில் பேன் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? நகத்தில் வைத்து நசுக்கிவிடுவோம்.

ஒருவர் அப்படிச் செய்யவில்லை. பேனைப் பிடித்துப் பெட்டியில் அடைத்தார். இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டார். பிறகு அதை எடுத்துத் தன் கையிலேயே ஊர விட்டார்!

பேன் ரத்தத்தை உறிஞ்சத் தொடங்கியது. அவர் கையை உதறவில்லை. அதன் உடலுக்குள் ரத்தம் ஓடுவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் ராபர்ட் ஹூக்.

இங்கிலாந்தின் தெற்கே உள்ள ஒயிட் தீவில், 1635-ம் ஆண்டு பிறந்தார். தந்தை பாதிரியார். ஹூக் நோஞ்சான் பிள்ளை. ஆனால் கை சும்மா இராது. ஒரு கடிகாரத்தைப் பிரித்துப் போட்டதைப் பார்த்துவிட்டு, மரத்தாலேயே ஒரு கடிகாரம் செய்தார். அது ஓடியது!

13 வயதில் தந்தை இறந்தார். லண்டனுக்குப் போய் ஓவியம் கற்கச் சேர்ந்தார். வர்ணத்தின் நெடி தலைவலி தந்தது. விட்டுவிட்டுப் பள்ளியில் சேர்ந்தார். ஆனாலும் படம் வரையும் கை அவரை விட்டுப் போகவில்லை.

1662-ல், ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்தில் சோதனைகள் செய்து காட்டும் வேலை கிடைத்தது. 1665-ல் "மைக்ரோகிராபியா" என்ற புத்தகத்தை வெளியிட்டார். பூதக்கண்ணாடியில் கண்டதையெல்லாம் அதில் வரைந்திருந்தார். மடித்து வைத்த பெரிய தாளில் ஒரு பேன்! விரித்தால் புத்தகத்தைவிடப் பெரிதாக இருக்கும். பார்த்தவர்கள் மிரண்டிருப்பார்கள்.

வெள்ளைப் புள்ளி

பேனின் வயிற்று நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. குடல் அசையும்போது அதுவும் அசைந்தது. ஈரலோ, கணையமோ என்று ஹூக் எண்ணினார். வேறு என்ன நினைக்க முடியும்? கிருமி என்ற ஒன்றையே அப்போது யாரும் கண்டதில்லை.

அது ஈரல் அல்ல. கிருமிகள் குடியிருக்கும் வீடு!

பேனுக்கு ரத்தம்தான் ஆகாரம். ரத்தத்தில் சில பி வைட்டமின்கள் போதிய அளவு இல்லை. அந்தக் குறையை இந்தக் கிருமிகள் தீர்க்கின்றன. பதிலுக்குப் பேன் இடம் கொடுக்கிறது. வயிற்றுக்குள்ளேயே சமையல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தாய்ப் பேனிடமிருந்து இவை ஈருக்குள் போய்விடுகின்றன. இவை இல்லாவிட்டால் பேன் பிழைக்காது.

டைபஸ் காய்ச்சலைத் தரும் கிருமி வேறு. (டைபாய்டு அல்ல, இது டைபஸ்.) அதைப் பரப்புவது துணியில் வாழும் சீலைப்பேன். 1909-ல் சார்லஸ் நிக்கோல் என்பவர் டூனிஸ் நகரில் இதைக் கண்டுபிடித்தார். போர்க்களங்களிலும் சிறைகளிலும் எண்ணற்றோரைக் கொன்ற நோய் அது. அந்தக் கிருமி பேனையும் கொன்றுவிடும். ஒரே வயிற்றில் வாழவைக்கும் கிருமியும் உண்டு, சாகடிக்கும் கிருமியும் உண்டு.

ஹூக்குக்கு இதெல்லாம் தெரியாது. கடைசிக் காலத்தில் கண்பார்வை மங்கியது. ஈர்ப்பு விசை பற்றிய யோசனை தன்னுடையது என்று நியூட்டனோடு சண்டை. கஞ்சனைப்போல் வாழ்ந்தார். 1703-ல் இறந்தபின் பார்த்தால், பெட்டியில் ஆயிரக்கணக்கான பவுன் பணம்! அவர் முகத்தைக் காட்டும் உறுதியான படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளைப் புள்ளியில் வாழும் கிருமி இன்னதென்று தெளிவாகி, அதற்குப் பெயர் வைக்க 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ரீசியா என்று பெயரிட்டார்கள். பேனை ஆராய்ந்த ரீஸ் என்பவரின் நினைவாக வைத்த பெயர் அது.