மலையடிவாரத்துக்கு வந்த சிறுவன்

விடுதி மாடியில் நின்று வடக்கே நோக்கினால் திருமலை தெரிகிறது. தமிழ் வழங்கிய நிலத்துக்கு வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கும் வேங்கடம் இது. நாள்தோறும் இதைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குச் செல்கிறோம். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் பாராதவர்களாகவும் ஆகிவிட்டோம். 1896-ஆம் ஆண்டில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இம்மலையடிவாரத்துக்குப் படிக்க வந்தான். பின்னாளில் உலகம் அவனைச் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் என்று அறிந்தது. அவரைக் குடியரசுத் தலைவராகவும், ஆசிரியர் நாளுக்கு உரியவராகவும் நாம் அறிவோம். அவர் வாழ்நாளெல்லாம் சுமந்த கேள்வி ஒன்று உண்டு. அதுபற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

1888 செப்டம்பர் 5-ஆம் நாள் திருத்தணியில் பிறந்தவர் அவர். தந்தை வீராசாமி ஜமீன் ஒன்றில் வருவாய்த் துறையில் சிறு பணி பார்த்தவர், தாய் சீதம்மா. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். திருத்தணியும் திருப்பதியும் அந்நாளில் வடஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தன. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறின, மலைகள் மாறவில்லை. முருகனுடைய குன்றின் அடியில் பிறந்த பிள்ளை வேங்கடவனுடைய குன்றின் அடிக்கு வந்து சேர்ந்தான்.

சேர்ந்த பள்ளியோ ஜெர்மானிய லூத்தரன் சபையார் நடத்தியது. வெளியே மொட்டைத் தலையும் சந்தனமுமாக அடியார் கூட்டம். உள்ளே விவிலியப் பாடம். பின்பு வேலூர் ஊரிசுக் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறித்துவக் கல்லூரி. கிறித்துவ ஆசிரியர்கள் அன்போடு கற்பித்தார்கள். இந்து சமயத்தைக் கடுமையாகக் குறைகூறவும் செய்தார்கள். தம் தாயும் தந்தையும் உண்மையென்று வாழ்ந்த ஒன்று, கரும்பலகையின் முன் பிழையென்று ஆனதைக் கேட்ட மாணவருக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தக் குறைகூறலே தம்மைத் தம் சமயத்தைக் கற்கத் தூண்டிற்று என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அவர் தத்துவம் பயின்றதும் ஒரு தற்செயல். படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவ நூல்களைக் கொடுத்தார். புத்தகம் வாங்கப் பொருளில்லாத குடும்பம். ஆகவே அதுவே பாடமாயிற்று. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையாக வேதாந்தத்தின் அறவியல் பற்றி ஆய்வுரை எழுதினார். 1908-இல் அது நூலாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபது. குறைகூறியோர் வரிசையில் இருந்த பேராசிரியர் ஹாக் அந்த உரையை மனமாரப் பாராட்டினார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1909-இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1918-இல் மைசூர், 1921-இல் கல்கத்தா எனப் பணி வளர்ந்தது. மைசூரிலிருந்து புறப்பட்டபோது மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவருடைய வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்று இரயில் ஏற்றினார்கள். 1926-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டு நூலாயின. 1929-இல் தொடங்கிய ஹிப்பர்ட் சொற்பொழிவுகள் 1932-இல் வெளிவந்தன. சமயத்தின் வேர் கொள்கையா, சடங்கா, அனுபவமா என்பதே அவற்றின் உயிர்க்கேள்வி. அனுபவமே வேர் என்றார் அவர். ஆனால் அனுபவம் கண்டது என்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. அறிவின் உரைகல்லில் அதை உரைத்துப் பார்க்கவேண்டும் என்பதையும் உடன் சேர்த்தார்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பாலும் இக்கேள்வி எழுந்திருந்தது. அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவத்தின் வகைகளை 1902-இல் நூலாக்கினார். ஜெர்மனியில் எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் நிகழ்வியல் என்னும் முறையை வகுத்தார். ஒரு பொருள் மெய்யா பொய்யா என்னும் தீர்ப்பைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அது நம் உணர்வில் எவ்வாறு தோன்றுகிறதோ அவ்வாறே விவரிப்பதுதான் அம்முறை. இராதாகிருஷ்ணன் நிகழ்வியலார் அல்லர். அவர் விவரிப்பதோடு நிற்கவில்லை, வரிசைப்படுத்தினார். பரம்பொருளை உருவமின்றி வழிபடுவோர் முதற்படி என்றும், ஆளுமையுடைய கடவுளை வழிபடுவோர் அடுத்த படி என்றும் 1927-ஆம் ஆண்டு நூலில் வகுத்தார்.

இங்கேதான் எனக்கு அவரோடு வழக்கு. அந்த வழக்கை என் பாட்டி தொடங்கிவைத்தார்.

சென்ற ஆண்டு அவரோடு அலிபிரியிலிருந்து படியேறினேன். 3,500-க்கு மேற்பட்ட படிகள். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியிலும் மஞ்சளும் குங்குமமும் தொட்டு வைத்துக்கொண்டே வந்தார். பிறகு வரிசையில் காத்திருந்தோம். என் கைக்கடிகாரத்தில் பதினொரு மணி நேரம். சந்நிதியில் ஜருகண்டி என்ற குரலோடு எங்களை நகர்த்திவிட்டார்கள். சில நொடிகளே பார்த்தோம். இதற்கா இத்தனை நேரம் என்று வெளியே வந்து கேட்டேன். எத்தனை நேரம் என்று பாட்டி வியப்போடு என்னையே திருப்பிக் கேட்டார். பெருமாள் தம்மை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் சொன்னார்.

கடிகாரத்தின் காலம் வேறு, உணர்வின் காலம் வேறு என்பதை ஹுஸ்ஸர்ல் 1905-இல் வகுப்பில் விளக்கினார். நான் அதைத் தேர்வுக்காகப் படித்தேன். பாட்டி படிக்காமலே வாழ்ந்திருந்தார். அவருடைய அந்த வெகுநேரத்தை இரண்டாம் படி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இம்மலையின் வழிபாட்டை ஒழுங்குசெய்தவர் என்று மரபு போற்றும் இராமானுசரும் அதற்கு உடன்பட்டிருக்கமாட்டார். அன்பு செலுத்தத்தக்க இறைவனே அவருக்கு முடிவான உண்மை. வேறொன்றுக்கு ஏணி அன்று.

ஆயினும் இராதாகிருஷ்ணனை நான் விட்டுவிடவில்லை. அனுபவத்தை ஆராயத்தக்க அறிவாக மதிக்கவேண்டும் என்று எனக்குக் கற்பித்தவர் அவரே. வரிசைப்படுத்துமுன் கேட்கவேண்டும் என்பதை ஹுஸ்ஸர்லிடம் கற்றேன். இது தத்துவ மாணவனுக்கு மட்டும் உரியதன்று. வெப்பமானி காய்ச்சலின் அளவைச் சொல்லும்; நோயாளிக்கு அந்த இரவு எப்படிக் கழிந்தது என்பதை அது சொல்லாது. பார்வையற்றவருக்குக் கைத்தடி ஒரு பொருளாக இராமல் தொடும் விரலாகவே ஆகிவிடுகிறது என்பதை மெர்லோ-போந்தி 1945-இல் எழுதினார். மருத்துவமும் உளவியலும் கல்வியியலும் இவ்வழியே மனிதரைக் கேட்கக் கற்றுக்கொண்டு வருகின்றன.

பிற்கால வாழ்வை யாவரும் அறிவர். ஆக்ஸ்போர்டில் பேராசிரியர், 1948-இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் தலைவர், சோவியத் நாட்டில் தூதர், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர். 1975 ஏப்ரல் 17-இல் சென்னையில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே, நம் வீட்டார் உண்மையென்று வாழும் ஒன்றை வகுப்பறை மறுக்கும் நாள் நம் ஒவ்வொருவருக்கும் வரும். அன்று வீட்டைக் கண்டு வெட்குவது எளிது. வகுப்பறையை வெறுப்பதும் எளிது. மலையடிவாரத்துக்கு வந்த அந்தச் சிறுவன் இரண்டையும் செய்யவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டு நடந்தான். இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை கைக்கடிகாரத்தைப் பாராதிருங்கள்.