சொத்து இல்லாதவருக்கும் வாக்குரிமை: அம்பேத்கரின் 30 ஆண்டு வாதம்

புது தில்லி: தலைநகர் தில்லியில் அலிப்பூர் சாலை 26ஆம் எண் இல்லத்தில் 1956 டிசம்பர் 6ஆம் தேதி பி.ஆர். அம்பேத்கர் காலமானார். அவ்விடத்தில் 2018 ஏப்ரலில் தேசிய நினைவகம் திறக்கப்பட்டது. அரசியல் சாசனத்தை வடித்தவர் என்றே அங்கு வருவோர் அவரை அறிந்திருக்கிறார்கள். வாக்குரிமைக்குச் சொத்தையோ வரியையோ கல்வியையோ அளவுகோலாக வைக்கலாகாது என்று அவர் 30 ஆண்டுகள் வாதாடியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அது முடிந்துபோன விவாதமும் அல்ல. ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் கல்வித் தகுதியையும் வீட்டில் கழிப்பறை இருப்பதையும் கட்டாயமாக்கி ஹரியாணா அரசு 2015இல் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அதை ஏற்றது. ராஜஸ்தானில் 2014இல் கொண்டுவரப்பட்ட இதுபோன்ற கல்வித் தகுதி 2019இல் நீக்கப்பட்டது. இவை வேட்பாளருக்கான நிபந்தனைகளே தவிர வாக்காளருக்கானவை அல்ல. ஆயினும், இவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் அம்பேத்கர் தம் வாழ்நாளில் எதிர்கொண்டவையே.

மத்தியப் பிரதேசத்தின் மஹூ ராணுவக் குடியிருப்பில் 1891 ஏப்ரல் 14ஆம் தேதி பிறந்தவர் அவர். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பள்ளியில் சிறுவன் பீமராவ் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிப்பையைத் தனியே விரித்து அமர வேண்டியிருந்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1917இல் திரும்பி, அந்த உதவிக்கு ஈடாகப் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். அந்நகரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கியவர், விஷயம் தெரிந்ததும் வெளியேற்றப்பட்டார். வாடகை கொடுக்கக் கையில் பணம் இருந்தும் வீடு கிடைக்காத அந்த அனுபவம், அடுத்து வந்ததைப் புரிந்துகொள்ள உதவும்.

மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தை ஒட்டி, யாருக்கு வாக்குரிமை தருவது என்று ஆராய சௌத்பரோ பிரபு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அம்பேத்கர், 1919 ஜனவரியில் அக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது 27.

நிலவரி, வீட்டு வாடகை, வருமான வரி ஆகியவற்றைக் கொண்டு வாக்காளரைத் தீர்மானிப்பதே அரசின் எண்ணம். அனைவருக்கும் ஒரே அளவுகோல் என்பதால் இது நியாயமானது என்றும் பலர் கருதினர். அந்தச் சமத்துவம் பொய்யானது என்பதே அம்பேத்கரின் வாதம். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவர் ஏழையாக இருப்பது அவர் உழைக்காததால் அல்ல. பொருள் ஈட்டும் தொழில்களின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டிருப்பதால்தான். கடை வைத்தால் அவரிடம் வாங்குவாரில்லை. தர்பூசணி விற்றதற்காக ஒரு மஹார் பெண் காவல் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்ட சம்பவத்தை அவர் குழுவிடம் எடுத்துரைத்தார். பழம் விற்கவும் வழியில்லாதவரிடம் சொத்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாக்குரிமையை மறுப்பது, ஒரு அநீதியைக் காரணம் காட்டி இன்னொன்றைச் செய்வதாகும்.

ஆயினும் அன்று அவர் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கேட்கவில்லை. ஒடுக்கப்பட்டோருக்கு மட்டும் தகுதி வரம்பைத் தாழ்த்தும்படியே கேட்டார். அதுவும் ஏற்கப்படவில்லை. புதிய விதிகளின்படி பம்பாய் மாகாணத்தின் பெரும்பாலான கிராமப்புறங்களில் ஆண்டுக்கு 32 ரூபாய் நிலவரி விதிக்கப்பட்ட நிலத்தை உடையவரே வாக்காளர். பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் மாகாண சபைகளுக்கு வாக்களிக்கும் உரிமை ஏறத்தாழ 50 லட்சம் பேருக்கே கிடைத்தது. ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்குச் சொத்து இல்லாவிட்டாலும் வாக்குண்டு என்றொரு சலுகை இருந்தது. ஆனால், மஹார்களை ராணுவத்தில் சேர்ப்பதை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிறுத்தியிருந்தனர் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த பத்தாண்டில் அவரது நிலைப்பாடு முழுமை பெற்றது. 1928இல் சைமன் கமிஷனிடம் 21 வயது நிறைந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கோரினார். அதை வழங்கினால் பொதுத் தொகுதிகளில் இடஒதுக்கீடு போதும் என்றும், மறுத்தால் தனித்தொகுதிகள் வேண்டும் என்றும் அப்போது கூறினார். 1932 தனித்தொகுதிச் சர்ச்சையைப் பேசுவோர் பலரும் இந்த நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். எழுத்தறிவில்லாதவர் வாக்கைத் தவறாகப் பயன்படுத்துவார் என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. பள்ளிக்குள் விடாமல் தடுத்துவிட்டு, படிக்கவில்லை என்று தண்டிப்பது எவ்வகை நீதி என்பதே அவர் எழுப்பிய வினாவின் சாரம்.

1932இல் லோதியன் பிரபு தலைமையிலான வாக்குரிமைக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். வயது வந்தோர் சுமார் 13 கோடி பேர் இருக்க, 3 கோடியே 60 லட்சம் பேருக்கே வாக்குரிமை தர அக்குழு பரிந்துரைத்தது. அனைவருக்கும் வாக்குப்பதிவு நடத்தப் போதிய அலுவலர்களும் காவலர்களும் இல்லை என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பரில் கையெழுத்தான புனே ஒப்பந்தமும் இந்த அளவையே ஒடுக்கப்பட்டோருக்கு ஏற்றுக்கொண்டது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாக்காளர் பட்டியலில் இடம் பெற்றவர்கள் ஏறத்தாழ 3 கோடிப் பேர்.

அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர்களும் அந்த வரையறுக்கப்பட்ட வாக்குரிமையில் உருவான மாகாண சபைகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. 1946இல் வங்காளத்திலிருந்தும், பிரிவினையால் அந்த இடம் பறிபோன பின் 1947இல் பம்பாயிலிருந்தும் அம்பேத்கர் அதில் இடம்பெற்றார். வாக்குரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்க்க வேண்டும் என்பது அவரது விருப்பம். ஆலோசனைக் குழு 1947 ஏப்ரலில் அதற்கு இணங்கவில்லை, ராஜாஜியும் எதிர்த்தார். சாசனத்தின் வேறிடத்தில், 326ஆவது பிரிவாகவே அது இடம்பெற்றது. வசிப்பிடமின்மை, மனநலக் குறைபாடு, குற்றம், தேர்தல் முறைகேடு ஆகியவற்றின் அடிப்படையில் மட்டுமே ஒருவரது வாக்குரிமையைச் சட்டம் பறிக்கலாம் என அப்பிரிவு கூறுகிறது. சொத்துக்கும் படிப்புக்கும் அதில் இடமில்லை.

இடம் மாறியதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி தொடுத்த வழக்கில், வாக்களிப்பதும் போட்டியிடுவதும் சட்டம் வழங்கும் உரிமைகளே என்று உச்ச நீதிமன்றம் 1952 ஜனவரியில் கூறியது. அதன் பின் தேர்தல் உரிமை குறித்த வழக்குகளில் இத்தீர்ப்பு திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது.

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை 17 கோடியே 32 லட்சம். அப்போது நாட்டின் எழுத்தறிவு 18 சதவீதம் அளவே. தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே பதிவு செய்ய முன்வந்த சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டனர்.

வடக்கு பம்பாய் தொகுதியில் போட்டியிட்ட அம்பேத்கர், காங்கிரஸின் நாராயண் கஜ்ரோல்கரிடம் சுமார் 14,500 வாக்குகளில் தோற்றார். செல்லாதவை என ஒதுக்கப்பட்ட 74 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைச் சுட்டிக்காட்டி, அசோக் மேத்தாவுடன் இணைந்து தேர்தல் மனு அளித்தார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வியே. 1952 முதல் இறக்கும் வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அவர், மக்களவைக்கு ஒருமுறையும் தேர்ந்தெடுக்கப்படவில்லை.