கைத்துப்பாக்கி ஏந்திய வீரப் பெண்

அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட் டப்மன். 1849-ல் தப்பி ஓடி, பிலடெல்பியா நகரை அடைந்தார். தாம் மட்டும் சுகமாக வாழ அவர் மனம் ஒப்பவில்லை. மீண்டும் மீண்டும் மேரிலாந்துக்குச் சென்றார். சுமார் 13 பயணங்களில் ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்தார்.

இரவில்தான் நடை. துணைக்கு ஒரு கைத்துப்பாக்கி. ஓடிவந்த அடிமைகளைப் பிடித்துப் பணம் பெறும் கூட்டத்தாரிடமிருந்து காத்துக்கொள்ள அது வேண்டியிருந்தது.

ஒரு முறை, உடன் வந்தவர்களில் ஒருவர் கால் வீங்கிச் சோர்ந்து போனார். திரும்பிப் போகத் துணிந்தார். அவர் பிடிபட்டு, அடி தாங்காமல் வழியைச் சொல்லிவிட்டால்? அத்தனை பேர் உயிரும் போகும்! டப்மன் அவர் தலைக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினார். நடக்க வேண்டும், இல்லையேல் சாக வேண்டும் என்றார். அவர் எழுந்து நடந்தார். சில நாட்களில் கனடா மண்ணில் சுதந்திர மனிதராகக் கால் வைத்தார்.

டப்மன் 1913-ல் காலமானார். அழைத்து வந்தவர்களில் ஒருவரைக்கூட அவர் வழியில் இழக்கவில்லை.