ஜானகி அம்மாள்: பிறப்பை ஆராய்ந்தவர்

தண்டையார்பேட்டைச் சாலையோரங்களில் கரும்புச்சாறு குடித்து வெயில் தாகம் தீர்க்காதவர் நம்மில் குறைவு. அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது? பெற்றோரின் நிறமும் சாயலும் பிள்ளைகளில் தெரிவதுபோல, கரும்பின் இனிப்பும் தாய்ச் செடியிலிருந்தே வருகிறது. இப்படிப் பண்புகள் இறங்கிவரும் ஒழுங்கைத் தம் மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளில் கண்டு 1866-இல் வெளியிட்டவர் கிரகோர் மெண்டல் என்னும் கத்தோலிக்கத் துறவி. அந்த அறிவியலில் நம் மண்ணில் உழைத்தவர் ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4-இல் தலச்சேரியில் பிறந்தார். சென்னையில் இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்தார். பின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931-இல் அறிவியல் முனைவரானார். திருமணமே பெண்ணின் வாழ்வு என்றிருந்த காலத்தில் அவர் கல்வியையே தேர்ந்துகொண்டார்.

1934 முதல் 1939 வரை கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றினார். இனிப்பான பருத்த கரும்பு நோய்க்கு எளிதில் வாடும்; காட்டுக் கரும்பில் இனிப்பில்லை, ஆனால் உறுதி உண்டு. இரண்டையும் கலந்தால் இனிப்பும் உறுதியும் ஒரே செடியில் சேரும். அந்தக் கலப்பு உள்ளே எவ்வாறு நிகழ்கிறது என்பதை அவர் ஆராய்ந்தார். பண்புகளைச் சுமந்து செல்பவை உயிரணுவிலுள்ள குரோமோசோம்கள். நமக்கு அவை 46. காட்டுக் கரும்பிலோ செடிக்குச் செடி 40 முதல் 128 வரை வேறுபடும். நுண்ணோக்கியில் பொறுமையாக அவற்றை எண்ணினார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார்.

போர்க்காலத்தில் இங்கிலாந்தில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1945-இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து நூலாக்கினார். 1951-இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்க உழைத்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1984 பிப்ரவரி 7-இல் மறையும்வரை சென்னை மதுரவாயல் ஆய்வுக்கூடமே அவர் உலகம்.

அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஓர் ஆங்கிலேயர். பாட்டி மலபார்ப் பெண். இந்தக் கலப்புப் பிறப்போடு, தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியும் சேர்ந்துகொள்ள, சமூகத்தின் ஏளனத்தை அவர் அறிந்திருந்தார். கலப்பு செடிக்கு வலிமை தருவதை அறிவியல் காட்ட, மனிதருக்கோ அதையே குறையாக்கியது சமூகம்!

தண்டையார்பேட்டை, காசிமேடு என்று முகவரி சொன்னதும் பிறர் முகம் மாறுவதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். கண்ணின் நிறமும் முடியின் சுருளும் பெற்றோர் தருபவை. இழிவு எந்தக் குரோமோசோமிலும் இல்லை; அது மனிதர் சுமத்துவது. நம் வீட்டுப் பெண் மேலே படிக்கக் கேட்கும்போது, நம் குலத்தில் இது வழக்கமில்லை என்று சொல்லப் போகிறோமா? சிந்திப்போம்.