சத்தியேந்திர நாத் போஸ்

சத்தியேந்திர நாத் போஸ் (ஜனவரி 1, 1894 – பெப்ரவரி 4, 1974) வங்காளத்தைச் சேர்ந்த இந்திய இயற்பியலாளர் ஆவார். குவாண்டம் புள்ளியியலில் இவர் ஆற்றிய பணியின் காரணமாக, அடிப்படைத் துகள்களில் ஒரு வகைக்குப் போசான் என்று பெயரிடப்பட்டது. உயர்கல்வி நிலையிலும் இயற்பியலை மாணவர்களின் தாய்மொழியில் கற்பிக்க இயலும் என்பதை வகுப்பறையிலேயே செய்து காட்டிய ஆசிரியராகவும் இவர் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

போஸ் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை சுரேந்திரநாத் போஸ் கிழக்கிந்திய இரயில்வேயில் பணியாற்றியவர். ஏழு பிள்ளைகளில் இவரே மூத்தவர். ஒரே மகனும் ஆவார். இந்துப் பள்ளியில் பயின்று, 1909இல் பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அங்கு ஜகதீஷ் சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகியோர் இவருடைய ஆசிரியர்களாக இருந்தனர். 1915இல் கலப்புக் கணிதத்தில் முதலிடத்துடன் முதுகலைப் பட்டம் பெற்றார். இரண்டாம் இடம் பெற்றவர் உடன் பயின்ற மேக்நாத் சாகா.

ஆசிரியப் பணியின் தொடக்கம்

கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியில் போசும் சாகாவும் பணியில் சேர்ந்தனர். அக்காலத்தில் புதிய இயற்பியலின் பெரும்பகுதி ஜெர்மன் மொழியில் இருந்தது. முதல் உலகப்போரினால் ஐரோப்பிய நூல்களும் இதழ்களும் எளிதில் கிடைக்கவில்லை. இருவரும் ஜெர்மன் மொழியைக் கற்று, சார்புக் கோட்பாடு பற்றிய ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். இம்மொழிபெயர்ப்பைக் கொல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920இல் நூலாக வெளியிட்டது. அறிவு எந்த மொழியில் இருக்கிறதோ அம்மொழி தெரியாதவருக்கு அதன் வாயில் அடைபட்டிருக்கும் என்பதை இளம் வயதிலேயே போஸ் நேரில் உணர்ந்தார்.

டாக்கா

1921இல் புதிதாகத் தொடங்கப்பட்ட டாக்காப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இணைப்பேராசிரியராகச் சேர்ந்தார். கதிர்வீச்சு பற்றிய பிளாங்கின் விதியைக் கற்பித்தபோது, அதன் வழக்கமான நிறுவல் இவருக்கு நிறைவளிக்கவில்லை. பழைய இயற்பியலின் துணையின்றி அவ்விதியைப் புதிய வழியில் வருவித்து, 1924 ஜூன் மாதத்தில் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதனை ஜெர்மனில் பெயர்த்து வெளியிடச் செய்தார். அம்முறையைப் பொருண்மைத் துகள்களுக்கும் விரிவுபடுத்தினார். போஸ்–ஐன்ஸ்டைன் புள்ளியியல் இவ்வாறு உருவாயிற்று.

பின்னர் போஸ் பாரிஸ், பெர்லின் நகரங்களில் ஆய்வு செய்துவிட்டு 1926இல் திரும்பினார். முனைவர் பட்டம் பெறாதவராயினும் டாக்காவில் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் நியமிக்கப்பட்டார். இந்தியப் பிரிவினை நெருங்கிய காலத்தில், 1945இல் கொல்கத்தாவுக்குத் திரும்பி, 1956 வரை கைரா பேராசிரியராகப் பணியாற்றினார்.

தாய்மொழியில் இயற்பியல்

அக்காலக் கல்லூரிகளில் பயிற்றுமொழி ஆங்கிலமே. இதனால் மாணவர் பலர் கருத்தைப் புரிந்துகொள்ளாமல் சொற்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதினர் என்பது போசின் கருத்து. வீட்டிலும் தெருவிலும் மாணவர் சிந்திக்கும் மொழிக்கும் வகுப்பறை மொழிக்கும் இடையிலான இடைவெளியே இதற்குக் காரணம் என்று இவர் கருதினார். முதுகலை மாணவர்களுக்குச் சார்புக் கோட்பாட்டை இவர் வங்காளத்தில் கற்பித்தார்.

வங்காளத்தில் போதிய கலைச்சொற்கள் இல்லை என்பது எதிர்ப்பாளர்களின் முதன்மையான வாதமாக இருந்தது. எல்லாச் சொற்களையும் உருவாக்கிய பின்னரே கற்பிக்கத் தொடங்க வேண்டும் என்பதைப் போஸ் ஏற்கவில்லை. பொருத்தமான சொல் கிடைக்காத இடத்தில், வழக்கிலுள்ள அயற்சொல்லை அப்படியே பயன்படுத்தலாம் என்பதும், பயன்பாட்டினாலேயே மொழி வளரும் என்பதும் இவர் நிலைப்பாடு.

1948 ஜனவரியில் இவர் முன்னின்று வங்கீய விஞ்ஞான் பரிஷத் என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. அதன் மாத இதழான ஞான் ஓ விஞ்ஞான் அறிவியலை வங்காளத்தில் பரப்பியது. ஆய்வுக் கட்டுரைகளையும் வங்காளத்தில் எழுத இயலும் என்பதைக் காட்ட, 1963இல் அவற்றைக் கொண்ட சிறப்பிதழ் ஒன்று வெளியிடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் ஜப்பான் சென்றிருந்த போஸ், அந்நாட்டு அறிஞர்கள் தம் மொழியிலேயே உயர் அறிவியலை விவாதிப்பதைக் கண்டு தம் கொள்கையில் மேலும் உறுதி பெற்றார்.

சிறப்புகள்

இரவீந்திரநாத் தாகூர் 1937இல் வெளியிட்ட விஸ்வ பரிச்சய் என்ற அறிவியல் நூலைப் போசுக்குக் காணிக்கையாக்கினார். 1954இல் பத்ம விபூஷண் விருது பெற்ற இவர், 1956இல் விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1958இல் அரச கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; 1959இல் தேசியப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். எஸ்ராஜ் என்ற இசைக்கருவியை வாசிப்பதிலும் வல்லவர்.

மதிப்பீடு

போசின் முயற்சியால் பல்கலைக்கழக அறிவியல் கல்வியில் ஆங்கிலத்தின் இடம் மாறிவிடவில்லை. ஆயினும், தாய்மொழியில் உயர் இயற்பியல் இயலாது என்ற வாதத்திற்கு, அத்துறையில் உலகப் புகழ் பெற்ற ஒருவரே வகுப்பறையில் அளித்த மறுமொழியாக அது நிலைத்துள்ளது. இவர் நினைவாகக் கொல்கத்தாவில் 1986இல் எஸ். என். போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையம் நிறுவப்பட்டது.