ஆய்கன் வான் ரான்சொனே

ஆய்கன் வான் ரான்சொனே-வில்லே (ஜூன் 7, 1838 – ஜூன் 28, 1926) ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஓவியர், அரசதந்திரி, இயற்கை ஆய்வாளர் ஆவார். கடலுக்கு அடியில் அமர்ந்து, அங்கு கண்டதை அங்கேயே தாளில் வரைந்த முதல் ஓவியராக இவர் கருதப்படுகிறார். இலங்கையின் தென்கரையிலுள்ள காலி நகரை அடுத்த கடலில், 1864–65 ஆம் ஆண்டுகளில் இப்பணியைச் செய்தார். இதற்காகத் தாமே வடிவமைத்த மூழ்குமணி ஒன்றைப் பயன்படுத்தினார். முதுகில் காற்றுக்கலனைச் சுமந்து தாராளமாக நீந்த உதவும் ஸ்கூபா கருவியை குஸ்தோவும் கான்யானும் 1943 இல் உருவாக்குவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முன்னர் நடந்த நிகழ்ச்சி இது.

இளமைக் காலம்

ரான்சொனே வியன்னாவை அடுத்த ஹீட்சிங் என்னும் ஊரில் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே வியன்னா நுண்கலைக் கழகத்தில் ஓவியம் பயின்றார். பின்னர் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்று, 1858 ஆம் ஆண்டில் அரசின் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ஓவியம், அரசுப்பணி, உயிரினங்களைச் சேகரித்தல் என மூன்று துறைகளிலும் அவர் வாழ்நாள் முழுவதும் ஈடுபட்டிருந்தார். எனினும் இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது ஓவியத்தால்தான்.

அதற்கு முன் கடலடி வரையப்பட்ட விதம்

அவர் செய்ததன் புதுமையை உணர, அதற்கு முன்னிருந்த நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய நூல்களில் காணப்பட்ட பவளப் படங்கள் பெரும்பாலும் அருங்காட்சியகப் பேழைகளில் இருந்த வெண்ணிற எலும்புக்கூடுகளைப் பார்த்து வரையப்பட்டவை. பவளம் உயிருடன் இருக்கையில் அதன்மீது படர்ந்திருக்கும் மெல்லிய தசையும் நிறமும், நீரிலிருந்து எடுத்த சிறிது நேரத்திலேயே அழிந்துவிடும். மீன்களும் அவ்வாறே, கரைக்கு வந்த மீன் தன் நிறத்தை விரைவில் இழக்கும். 1850களில் இங்கிலாந்தில் கண்ணாடி மீன்தொட்டிகள் பரவின. பிலிப் ஹென்றி காஸ் போன்றோர் அவற்றைப் பார்த்து அழகிய படங்களை வெளியிட்டனர். ஆனால் தொட்டியில் இருப்பது ஒரு சாண் ஆழக் கடல். அங்கே தொலைவும் இல்லை. ஆழத்தின் ஒளியும் இல்லை. எஞ்சியதைக் கற்பனை நிரப்பியது.

கடலடிக்குச் சென்றவர்கள் இல்லாமல் இல்லை. பிரெஞ்சு விலங்கியலாளர் ஆன்றி மில்ன்-எட்வர்ட்ஸ் 1844 இல் சிசிலியில் தலைக்கவசம் அணிந்து மூழ்கி உயிரினங்களைச் சேகரித்தார். அதற்கெல்லாம் நெடுங்காலம் முன்பே மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளிப்போர், காலில் கல்லைப் பற்றிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கி வந்தனர். கொற்கையின் பெயரை உலகறியச் செய்தது அவர்களுடைய தொழிலே. அக்கடலின் தரையை அவர்களைப்போல் அறிந்தவர் எவரும் இலர். ஆயினும் ஒரு நிமிட அளவே நீடிக்கும் மூச்சில் சிப்பியைப் பற்றுவதற்கே கைகள் போதாதபோது, எழுதுகோலுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

செங்கடல் பயணம்

1860களின் தொடக்கத்தில் ரான்சொனே பாலத்தீனம், எகிப்து ஆகிய நாடுகளில் பயணம் செய்தார். கெய்ரோவிலிருந்து சினாய்க் கரையிலுள்ள தோர் என்னும் சிற்றூருக்குச் சென்று, அங்கு கரையை ஒட்டி அமைந்த பவளத் திட்டுகளை ஆராய்ந்தார். இப்பயணத்தைப் பற்றிய அவருடைய கட்டுரை 1863 இல் வியன்னாவின் விலங்கியல்-தாவரவியல் சங்கத்தால் வெளியிடப்பட்டது.

படகிலிருந்து பவளத்தைப் பார்ப்பது மலையுச்சியில் நின்று காட்டைப் பார்ப்பதற்கு ஒப்பானது. மரங்களின் முடி தெரியும். அடிமரமும் நிழலும் தெரியா. சிறு அலை எழுந்தாலும் காட்சி முழுதும் சிதைந்துவிடும். பவளக் குன்றை அதன் பக்கத்தில் நின்று, கண்மட்டத்தில் பார்க்க வேண்டுமாயின் ஓவியன்தான் கீழே செல்ல வேண்டும். இதற்கான ஏற்பாட்டை ரான்சொனே அடுத்த பயணத்தில் செய்தார்.

இலங்கையில்

1864 இல் அவர் இலங்கைக்கு வந்தார். சூயெசுக் கால்வாய் 1869 இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வருவோர் பொதுவாக எகிப்தைத் தரைவழியே கடந்து, சூயெசில் மீண்டும் கப்பலேறினர். அக்கப்பல்கள் நிலக்கரி ஏற்றுவதற்கு நின்ற துறைமுகம் காலி ஆகும். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணை கட்டப்படும் வரை இலங்கையின் முதன்மைத் துறைமுகமாகக் காலியே விளங்கியது. (சீன மொழி, தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் 1409 ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு பின்னர் 1911 இல் கண்டெடுக்கப்பட்டதும் இவ்வூரிலேயே.) ஒல்லாந்தர் கோட்டையைச் சூழ்ந்த கடலில், கரைக்கு மிக அண்மையிலேயே பவளப் பாறைகள் இருந்தன. ரான்சொனே தீவின் உட்பகுதிகளுக்கும் மலைநாட்டிற்கும் சென்று மக்களையும் மரங்களையும் விலங்குகளையும் வரைந்தார், உயிரினங்களைச் சேகரித்தார். ஆயினும் அவர் பல வாரங்களைச் செலவிட்டது காலிக் கடலில் ஆகும்.

மூழ்குமணி

மூழ்குமணி என்பது அடிப்புறம் திறந்த, மணி போன்ற கலம். கவிழ்த்த குவளையை நீருக்குள் அமிழ்த்தினால் உள்ளே காற்று தங்குவதுபோல், இதனுள்ளும் காற்று தங்கும். 1691 இல் எட்மண்ட் ஹாலி இத்தகைய பெரிய மணி ஒன்றை அமைத்தார். துறைமுகக் கட்டுமானங்களில் பலர் ஒருங்கே அமரக்கூடிய மணிகள் பயன்பட்டன. ரான்சொனேயின் மணியோ ஒருவருக்கானது. அதுவும் முழு ஆளுக்கும் போதாதது. இரும்புத் தகட்டாலும் தடித்த கண்ணாடியாலும் ஆன அதனுள் அவருடைய தலையும் உடலின் மேற்பகுதியும் மட்டுமே காற்றில் இருந்தன. கால்கள் வெளியே கடல்நீரில் இருந்தன. மணி மிதந்து மேலெழாதிருக்கப் பீரங்கிக் குண்டுகள் பாரமாகக் கட்டப்பட்டன. மேலே இருந்தோர் இறைப்பான் கொண்டு குழாய் வழியாகக் காற்றை அனுப்பினர்.

அவர் இறங்கிய ஆழம் ஏறத்தாழ 5 மீட்டர். இன்றைய ஸ்கூபா பயிற்சியாளருக்கு இது தொடக்க ஆழமே. ஆனால் திறந்த மணியில் இது எளிதான ஆழமன்று. 5 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைவிட ஒன்றரை மடங்கு. இறைப்பான் காற்றைத் தரவில்லையெனில் மணியிலுள்ள காற்று மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கி, நீர் மூன்றில் ஒரு பங்கு உயரத்திற்கு உள்ளே ஏறிவிடும். அத்துடன் மூச்சுவிடும் கரியமில வாயுவும் அச்சிறு இடத்தில் சேரும். எனவே மேலிருந்தோர் கை ஓயாதிருப்பதைப் பொறுத்தே கீழிருந்தவரின் உயிர் நின்றது. மணி சரிந்தாலும் காற்று வெளியேறிவிடும். இந்நிலையில் அவர் ஓரிரு நிமிடங்கள் அல்ல, மணிக்கணக்கில் கீழே அமர்ந்து வரைந்தார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வரையும் முறை

சாதாரணத் தாள் நீரில் ஊறிக் கிழியும், நீர்வண்ணம் கரையும். ரான்சொனே மெருகெண்ணெய் பூசிய தாளையும் மென்மையான எழுதுகோலையும் பயன்படுத்தினார். தாளுக்கு முன்கூட்டியே வெளிர் பச்சை நிறம் ஊட்டப்பட்டிருந்தது. இது சிறிய உத்தியாகத் தோன்றினும் அவருடைய கூர்மையைக் காட்டுவது. கடலடியில் வெண்மையான பின்புலம் கிடையாது. எல்லாப் பொருள்களும் நீரின் நிறத்திலிருந்தே தோன்றி, சற்றுத் தொலைவில் மீண்டும் அந்நிறத்திலேயே மறைகின்றன. தாளே நீரின் நிறத்தில் இருக்கும்போது ஓவியர் ஒளியையும் நிழலையும் மட்டும் குறித்துக்கொண்டால் போதும். இவ்வரைவுகளை அடிப்படையாகக் கொண்டு, கரைக்கு வந்தபின் வண்ணப்படங்கள் உருவாக்கப்பட்டன.

நீர் சிவப்பொளியை முதலில் உறிஞ்சுகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கத் தொடங்கி, மேலும் ஆழத்தில் பழுப்பாகவும் பின் கருமையாகவும் தெரியும். நீலமும் பச்சையும் எஞ்சும். மேலும், காற்றிலிருந்து தட்டையான கண்ணாடி வழியே நீரைப் பார்க்கையில், ஒளிவிலகலால் பொருள்கள் நான்கில் ஒரு பங்கு அண்மையிலும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றுகின்றன. அருகிலுள்ள பவளம் துலக்கமாகவும் பின்னுள்ளவை நீலப்பச்சைப் புகைபோலவும் அமைந்த அவருடைய காட்சிகளை இன்றைய மூழ்குநர் எவரும் எளிதில் அடையாளம் காண்பர். அக்காலத்தில் பிறர் வரைந்த கடலடிப் படங்களில், நண்பகல் தோட்டத்தைப்போல் எல்லாப் பொருள்களும் ஒரே தெளிவில் விளங்குவதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இலங்கை நூல்

இலங்கையின் மக்கள், விலங்குகள், தாவரங்கள், கரையோரக் கடலடி ஆகியவற்றைப் பற்றிய இவருடைய நூல் ஆங்கிலத்தில் 1867 இல் வியன்னாவிலும், ஜெர்மன் மொழியில் 1868 இல் பிரவுன்ஷ்வைக் நகரிலும் வெளிவந்தது. இதில் 26 பெரிய கல்லச்சுப் படங்கள் உள்ளன. அவற்றுள் நான்கு கடலடிக் காட்சிகள். எண்ணிக்கையில் குறைவாயினும் நூல் நினைவுகூரப்படுவது இந்நான்கினால் ஆகும். ஜூல்ஸ் வெர்னின் புகழ்பெற்ற நீர்மூழ்கிக் கப்பல் புதினம் 1869 இல் தொடராக வெளிவரத் தொடங்கியது. அதன் நாயகர்கள் இலங்கையின் முத்துப் படுகையில் உலவும் பகுதி பலரும் அறிந்தது. அக்கற்பனைக்கு முன்பே அத்தீவின் கடலடி நேரில் வரையப்பட்டு அச்சேறிவிட்டது.

ஜெர்மானிய உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881–82 இல் இலங்கைக்கு வந்து வெலிகமையில் தங்கி ஆய்வு செய்தார். தமது பயண நூலில் காலிப் பவளங்களைப் பற்றி எழுதுகையில் ரான்சொனேயின் மூழ்குமணி வரைவுகளைக் குறிப்பிட்டுள்ளார்.

பிற்காலம்

ஆஸ்திரிய-அங்கேரி அரசு 1868 இல் அட்மிரல் அன்டன் வான் பெட்சின் தலைமையில் கிழக்காசியாவுக்கு அனுப்பிய தூதுக்குழுவில் ரான்சொனேயும் இடம்பெற்றார். இக்குழு 1869 இல் சயாம், சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளுடன் வணிக உடன்படிக்கைகளைச் செய்தது. இப்பயணப் படங்களின் தொகுப்பு 1912 இல் கிராஸ் நகரில் வெளியானது. வியன்னா அருங்காட்சியகத்தின் மீனியலாளர் ஸ்டைன்டாக்னர் 1883 இல் விவரித்த ஜப்பானியக் கடல்மீன் ஒன்றுக்கு நியோடிட்ரெமா ரான்சொனெட்டி என்று பெயர் வழங்கப்பட்டது. இது முட்டையிடாமல் குஞ்சுகளை ஈனும் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. ரான்சொனே ஆஸ்திரியாவின் ஆட்டர்சே ஏரிக்கரையிலுள்ள நுஸ்டோர்ஃப் என்னும் ஊரில் தமது 88 ஆவது வயதில் காலமானார்.

பின்வந்தோர்

இவர் தொடங்கியதை உடனடியாக எவரும் தொடரவில்லை. 1893 இல் லூயி பூத்தான் பிரான்சில் நீரடி நிழற்படக்கலையைத் தொடங்கினார். நீருக்கடியில் தைலவண்ணத்தால் ஓவியம் தீட்டியவர்களுள் முதன்மையானவரான சார் பிரிச்சர்ட் (1866–1956) சென்னையில் பிறந்தவர் என்பது தமிழ் வாசகர்கள் பலரும் அறியாத செய்தி. அவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாஹித்தித் தீவில் மூழ்குநரின் தலைக்கவசத்தை அணிந்து கீழே அமர்ந்து தீட்டினார். 1930களில் பெர்முடாவில் எல்சே போஸ்டல்மான் என்னும் பெண் ஓவியர் இதே முறையைக் கையாண்டார். இலங்கைக் கடலுக்கு ஸ்கூபாவுடன் வந்து, 1956 முதல் அங்கேயே தங்கிய ஆர்தர் சி. கிளார்க்கின் நூல்கள் அக்கடலடியை மீண்டும் உலகுக்கு அறிமுகம் செய்தன.

காலிக் கரையின் பவளப் பாறைகள்

ரான்சொனே பார்த்த கடலடி இன்று அவ்வாறே இல்லை. இலங்கையின் தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லைத் தோண்டிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் நெடுங்காலம் நடந்தது. காலிக்கு வடமேற்கிலுள்ள ஹிக்கடுவைப் பாறைத்தொடர் 1979 இல் கடற்சரணாலயமாகவும் 2002 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. எனினும் 1998 இல் கடல்நீர் வெப்பமுற்றதால் இந்தியப் பெருங்கடல் முழுவதும் பவளங்கள் வெளிறின. இக்கரையிலும் பெரும்பகுதி மடிந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, பாறைத்தொடர் எஞ்சியிருந்த ஹிக்கடுவையைவிட, முருகைக்கல் தோண்டப்பட்டிருந்த அண்மையிலுள்ள பெரேலியாவில் அலை மிக உயரமாக எழுந்து நெடுந்தூரம் உட்புகுந்ததாக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்ட தொடர்வண்டி விபத்து நிகழ்ந்த இடம் பெரேலியாவே. தமிழ்நாட்டுக் கரையிலும் இதே தொழிலின் விளைவு காணக்கூடியது: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன.

பவளப்பாறை ஒன்று முன்னர் எவ்வாறு இருந்தது என்பதை அறிய, நீரடி நிழற்படங்கள் இல்லாத காலத்திற்குச் சான்றுகள் மிக அரிது. இதனால் ரான்சொனேயின் வரைவுகள் ஓவிய வரலாற்றுக்கு மட்டுமன்றி உயிரியலாளருக்கும் பயன்படுவன. ஆயினும் நூலிலுள்ளவை கல்லச்சுப் பிரதிகள். அச்சுக்காகத் திருத்தம் பெற்றவை. நீருக்கடியில் வரையப்பட்ட மூலத் தாள்கள் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாதிருந்தன. அவை மீண்டும் கண்டெடுக்கப்பட்டதை வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆண்டிதழில் 2017 இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை அறிவித்தது.