விற்காத காரில் தொடங்கிய லோட்டஸ்: யார் இந்த காலின் சாப்மன்?

1947 இறுதியில் பிரிட்டனில் சொந்த கார்களுக்கான பெட்ரோல் ரேஷன் நிறுத்தப்பட்டது. பழைய கார் வாங்கி விற்று பாக்கெட் மணி பார்த்துவந்த லண்டன் மாணவர் காலின் சாப்மனுக்கு அடி விழுந்தது. கையில் மிஞ்சியது, யாரும் சீண்டாத ஆஸ்டின் செவன் மட்டும்தான். அப்போது அவருக்கு வயது 19.

விற்க முடியலையா, நாமே ரெடி பண்ணி ஓட்டுவோம் என இறங்கினார். இடம், காதலி ஹேஸல் வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜ். பழைய பாடி போனது. படித்ததோ கட்டுமானப் பொறியியல். அதனால் பிளைவுட் மேல் அலுமினியத் தகடு ஒட்டி, பாடியே சேஸிஸுக்கு பலம் தரும்படி செய்தார். ஹேஸலும் கூடவே வேலை பார்த்தார். 1948இல் அந்த கார் ‘லோட்டஸ்’ ஆனது. ஏன் அந்தப் பெயர்? கடைசிவரை வாய் திறக்கவில்லை மனுஷன்.

சேற்றுப் பாதைப் போட்டிகளில் ஓட்ட ஓட்ட, குறைகள் தெரிந்தன. திருத்தினால் போதாது என்று இரண்டாவது கார், பிறகு மூன்றாவது. அதன் இன்ஜினில் செய்த தில்லாலங்கடி வேலையைத் தடுக்க விதியையே மாற்றினார்கள்! 1952இல் கம்பெனி. 1954இல் ஹேஸலுடன் கல்யாணம். பிறகு ஃபார்முலா ஒன்னில் 7 கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டங்கள்.

எடையைக் குறைக்கும் வெறிக்கு விலையும் இருந்தது. 1970இல் மான்சாவில் லோட்டஸ் ஓட்டிய யோஹன் ரிண்ட் இறந்தார். பிரேக் ஷாஃப்ட் முறிந்திருந்தது. லோட்டஸ் உடையும் கார் என்ற பேச்சு சாப்மனை விடவே இல்லை.

1982 டிசம்பரில், 54 வயதில், மாரடைப்பில் இறந்தார். அந்த முதல் காரை எப்போதோ விற்றுவிட்டார். லோட்டஸ் கம்பெனி இன்னும் அதைத் தேடுகிறது.